முதலாவதாகக் கேட்ட பீடம்

எந்த மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பிப்பது என்று எப்படித் தீர்மானித்தாய் என யாராவது கேட்டால், ஆராய்ச்சி வசதியைப் பார்த்துத்தான் என்று இப்போதும் சட்டென்று சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு காது இரண்டும் சுடும்.

உயர்தரப் பரீட்சை முடிவு வந்தபோது, எந்தப் பீடமும் கிடைக்கும் என்கிற அளவுக்குப் புள்ளி இருந்தது. பீடங்களை முதலாவது, இரண்டாவது என்று நாமே வரிசைப்படுத்திப் போட வேண்டும். புள்ளி போதுமென்றால் முதலாவதே கிடைக்கும். எனக்கு நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதைவிட, நோய் ஏன் வருகிறது என்று துருவுவதில்தான் ஆசை. அந்த ஆசை மாமாவால் வந்தது. அவர் அம்மாவின் அண்ணன். அப்பா கட்டாரில் வேலையில் இருந்ததால், வெல்லாவெளிப் பக்கத்து வட்டையில், அதாவது வயல்வெளியில், எங்கள் வயலையும் மாமாதான் செய்துகொண்டிருந்தார். அந்த வயல் தண்ணீரில் நின்று அவருக்கு எலிக்காய்ச்சல் பிடித்தது. கூட நின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, மாதாமாதம் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கிளினிக் என்று ஆகிவிட்டது. ஏன் இவருக்கு மட்டும் என்ற கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்தது. நல்ல கேள்விதான். அதைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே ஓடினேன் என்பதுதான் வெட்கக்கேடு.

எந்தப் பீடத்து ஆசிரியர்கள் அதிகம் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள், எங்கே மாணவர்களையும் ஆய்வுகூடத்துக்குள் விடுகிறார்கள் என்று நாட்கணக்காகப் போனைக் கிண்டினேன். வெளியூர்ப் பீடங்களில் படிக்கும் அக்காமாரை அழைத்துக் கரைச்சல் கொடுத்தேன். கட்டுரைகளை எண்ணினேன். வாசித்தேன் என்று சொல்லவில்லை, எண்ணினேன். கடைசியில் கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் என்று போட்டு, எங்கள் மட்டக்களப்பை அடியில் வைத்தேன். எங்கள் பீடத்தின் இணையப் பக்கத்தை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் போகும்போது மதிலைப் பார்த்திருக்கிறேன், அது காணும் என்று விட்டுவிட்டேன்.

காய்ச்சல் வரும் வயலும், மாமா போகும் கிளினிக்கும் இந்தப் பக்கம்தானே இருக்கின்றன என்பது அப்போது என் மண்டைக்கு எட்டவில்லை என்று எழுதலாம். பொய். எட்டியது. வகுப்பில் என்னைவிடக் குறைந்த புள்ளி எடுத்தவள் கொழும்புக்குப் பெட்டி கட்டும்போது, நான் செட்டிபாளையத்திலிருந்து சோற்றுப் பெட்டியோடு பஸ் பிடித்துப் படிக்கப் போவதா? என்னுடைய ஆராய்ச்சி மனப்பான்மையின் லட்சணம் அவ்வளவுதான்.

இதை வீட்டில் சொல்வது லேசான காரியமல்ல. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். அம்மாவின் வளவுக்குள்ளேயே எனக்கென்று ஒரு வீட்டுக்கு அத்திவாரம் போட்டு, மாமா முன்னின்று சுவரும் எழுப்பியாகிவிட்டது. அப்படி வீடு எழும்பும்போது ஒரு பெண் தானாக ஆசைப்பட்டு வெளியே போகிறாள் என்றால், தாய்க்கும் மகளுக்கும் ஏதோ சரியில்லை என்றுதான் ஊர் வாய் பேசும். அம்மாவிடம் வாய் திறக்கப் பயந்து முதலில் மாமாவைப் பிடித்தேன்.

அன்று வயலுக்கு அவரோடு போனேன். மோட்டார் சைக்கிளையும் ஆட்களையும் ஏற்றி வாவியைக் கடத்திவிடும் மிதவையை நாங்கள் பாதை என்போம். பாதையில் நிற்கும்போது, ஆராய்ச்சிக்குக் கொழும்புதான் நல்லம் என்கிறார்கள் என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"இஞ்சத்தப் பீடத்தப் போடல்லியா, புள்ள?"

"போட்டிருக்கன் மாமா."

"என்ன ஆராய்ச்சி செய்யப்போறாய்?"

"ஒங்கட காய்ச்சலப் பத்தித்தான்."

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஒரு பொய்யும் சொல்லாமல் தப்பித்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம்.

கொழும்பு கிடைத்தது. அம்மாவிடம் மாமாதான் சொன்னார். "புள்ள இஞ்சதான் முதலாவதாக் கேட்டிருக்கு. புள்ளி கூடினதால அரசாங்கம் கொழும்புக்குப் போகச் சொல்லுது. நாம என்ன செய்யிற?" அம்மா அழுதுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே ஊரெல்லாம் சொன்னார். கெட்டிக்காரரைக் கொழும்புக்கு எடுத்துவிடுவார்கள் என்றுதான் எங்கள் ஊரில் பலரும் நினைப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கோயிலில் எனக்குப் பொன்னாடை போர்த்தியபோது ஒலிவாங்கியிலும் அதுவே வந்தது. நான் கைகூப்பிக்கொண்டு நின்றேன். மாமாவுக்கு இந்த வரிசைக் கதை விளங்கவில்லை, விளக்கப்போனால் வீண் குழப்பம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் வருட விடுமுறையில் மாமாவைக் கிளினிக்குக்கு நான் கூட்டிப்போனேன். புதிதாக வந்த இளம் டொக்டர் ஒருவர் இருந்தார். மாமா சும்மா இருப்பாரா?

"இவள் எண்ட மருமகள், டொக்டர். கொழும்பில மெடிசின் படிக்கிறாள். இஞ்சதான் முதலாவதாக் கேட்டவள், புள்ளி கூடினதால விடல்ல."

"நான் இஞ்சதான் படிச்ச," என்றார் டொக்டர். என்னை ஒரு தரம் பார்த்தார். புள்ளி கூடியவள் கேட்ட பீடம் கிடைக்காமல் போகாது என்பது அவருக்குத் தெரியாதா? முகத்தில் ஒன்றையும் காட்டாமல் மாமாவின் பக்கம் திரும்பினார். எந்த வட்டை, அந்த நேரம் காலில் காயம் இருந்ததா, கூட இறங்கியவர்கள் எந்த வாய்க்காலில் கால் கழுவினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாமாவும் யோசித்து யோசித்துச் சொன்னார். அத்தனையும் என்னுடைய கேள்விகள். மாமாவின் காய்ச்சலைக் காட்டிக் கொழும்புக்குப் போன நான், ஒரு நாளாவது அவரை உட்காரவைத்து இதையெல்லாம் கேட்டதில்லை. மருந்துச் சீட்டை மட்டும் நான் வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, அந்த டொக்டருக்குத் தெரியும். நாம முதலாவதாக் கேட்டதுதான் கிடைக்கிற."

"எனக்கும் தெரியும், புள்ள," என்றார். "பாதையில நீ 'போட்டிருக்கன்' எண்டு சொல்லக்குள்ள ஒண்ட முகத்தப் பாத்தனே."

"பிறகு ஏன் அவருக்கிட்டயும் அப்பிடிச் சொன்ன நீங்க?"

"அவர் இஞ்ச படிச்ச புள்ள. ஒனக்கு இஞ்ச புடிக்கல்ல எண்டு அவர்ர முகத்துக்கு நேர எப்பிடிச் சொல்லுற?"

செட்டிபாளையம் வந்துவிட்டது. பஸ்ஸால் இறங்க, சந்திக் கடையில் நின்ற பக்கத்து வீட்டு மாமி என்னைக் கண்டுவிட்டார்.

"என்ன டொக்டர் புள்ள, எப்ப இஞ்சால மாத்திக்கொண்டு வாற?"

நான் வாயெடுப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். விடுறானுகள் இல்ல."

மாமி என் முகத்தைப் பார்த்தார். நான் ஓம் என்று தலையாட்டினேன்.