சாம்பல் நிறக் கோழிகள்

வெர்னா லஸ்க் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கார்ட்டூன் படக் கம்பெனியில் சாயம் பூசினாள். கண்ணாடி மாதிரியான தாளில் ஒருத்தி மையால் கோடு இழுத்துத் தருவாள். வெர்னா அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் சாயத்தை நிரப்புவாள். கை படக்கூடாது என்று வெள்ளைக் கையுறை. தூரிகை பிடிக்கும் விரல்களுக்கு மட்டும் துணியை வெட்டி விட்டிருப்பார்கள். போர் வந்ததும் ராணுவம் சிப்பாய்களுக்குப் புத்தி சொல்ல வேடிக்கைப் படம் கேட்டது. கறுப்பு வெள்ளைப் படம். அதனால் புட்டிகளில் இருந்ததெல்லாம் சாம்பல் நிறம்தான். வெளுத்ததிலிருந்து கறுத்ததுவரை எண் ஒட்டி அடுக்கியிருந்தது.

ராணுவப் படங்களைப் பற்றி வெளியில் மூச்சு விடக்கூடாது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கதை தெரிந்துவிடக் கூடாதென்று தாள்களை வரிசை கலைத்துத்தான் மேசைக்கு அனுப்பினார்கள். ஒருத்திக்கு முப்பது வாய் வரும். இன்னொருத்திக்கு வெறும் பூட்ஸ்.

அவள் கணவன் ஆரின் பசிபிக்கில் எங்கோ பீரங்கி பழுது பார்த்துக்கொண்டிருந்தான். எங்கே என்று எழுத அனுமதி இல்லை. அவனுடைய அதிகாரியே கடிதத்தைப் படித்து, வேண்டாத வரியை பிளேடால் வெட்டி எடுத்துவிடுவார். ஓட்டை விழுந்த கடிதங்கள் வந்தன. ஆனால் கப்பலேறுமுன் இருவரும் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். கொல்லையில் ஐந்து கோழிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். நொண்டிக்கோழி ஹில்டா நியூ கினி, கொழுத்த ரோவேனா ஆஸ்திரேலியா, இப்படி. அவன் எந்தக் கோழியின் சுகத்தை விசாரிக்கிறானோ அங்கே இருக்கிறான். கோழியை எந்த அதிகாரியும் வெட்டவில்லை.

வெர்னாவுக்கு வேறு யாரும் கிடையாது. வேலை முடிந்து வந்தால் வானொலி, அதற்குப் பிறகு கோழிகள். கடிதம் வந்த நாளில் அவன் விசாரித்த கோழிக்கு மட்டும் ஒரு பிடி மக்காச்சோளம் கூடப் போடுவாள்.

ஒரு மத்தியானம் அந்தக் கோழி ஏற்பாட்டை இனெஸிடம் சொல்லிவிட்டாள். பக்கத்து நாற்காலிக்காரி. ஹில்டாவின் நடையை முழங்கையால் செய்து காட்டினாள். இனெஸ் சாண்ட்விச் புரையேறச் சிரித்தாள். "உன் புருஷன் உன்னை நினைக்கிறானோ இல்லையோ, நொண்டிக்கோழியை மறக்கலடி," என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வெர்னாவும் வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. கதை எழுதும் ஆண்கள் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் பக்கம் வந்து உட்காருவார்கள். பெண்கள் எதற்குச் சிரிக்கிறார்களோ அது அடுத்த படத்தில் வரும். யாரும் அதைத் திருட்டு என்று சொன்னதில்லை. அன்று டட்லி என்பவன் பின்மேசையில் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தான்.

இலையுதிர் காலத்தில் வெர்னாவின் மேசைக்கு ஒரு கட்டு வந்தது. முதல் தாளில் ஒரு கோழிக்கால். அடுத்ததில் ஓர் இறக்கை. பத்துப் பதினைந்து தாள் பூசிய பிறகுதான் அந்தக் கோழி நொண்டுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. தூரிகையை வைத்துவிட்டு மற்ற பெண்களின் மேசைகளைப் போய்ப் பார்த்தாள். ஒருத்தியிடம் மனைவிக்குக் கடிதம் எழுதும் அசட்டுச் சிப்பாய். இன்னொருத்தியிடம் எதிரியின் ஒற்றன். அவன் சுவரில் ஒரு வரைபடம், அதில் தீவுக்கொரு கோழி உட்கார்ந்திருந்தது. கடைசித் தாள்களில் அந்தச் சிப்பாயின் கப்பல் மூழ்கியது.

டட்லியிடம் போனாள். அவனுக்கு யார் சொன்னது என்றே நினைவில்லை. "கோழின்னாலே சிரிப்பு வரும்மா. ராணுவத்துக்காரரே விழுந்து விழுந்து சிரிச்சாரு," என்றான். மேற்பார்வைக்காரி திருமதி பிரூவிட்டிடம் அந்த நொண்டலையாவது எடுத்துவிடச் சொல்லி மன்றாடினாள். ஏன் என்று அவள் கேட்டாள். வெர்னாவால் சொல்ல முடியவில்லை. சொன்னால் ஆரின் ராணுவ நீதிமன்றத்தில் நிற்பான்.

அவனுக்கு எழுதவும் வழியில்லை. படத்தைப் பற்றி எழுதினால் கையெழுத்தை மீறியதாகும். கோழியைப் பற்றி ஜாடையாக எழுதினால், படம் பார்த்த அதிகாரி அதையும் புரிந்துகொள்வார். சாயத்தைக் கெடுத்து வைத்தால் அந்தத் தாள் மறுபடி அவள் மேசைக்கே வரும். ஆகவே பூசினாள். ஒழுங்காகவே பூசினாள். இறகுக்கு வெளுத்த சாம்பல், கொண்டைக்குக் கறுத்த சாம்பல். படம் முடிந்ததும் தாள்களைக் கழுவி அடுத்த படத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஆரினின் கடிதங்கள் மாறின. ஓட்டையே இல்லை. மழை பெய்கிறது. சாப்பாடு பரவாயில்லை. காலுறை அனுப்பு. ஹில்டாவைக் கேட்கவில்லை, ரோவேனாவைக் கேட்கவில்லை. வெர்னா ஒவ்வொரு கடிதத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தியபோது பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். ஹில்டாவை மட்டும் வைத்துக்கொண்டாள். ஒரு நாள் அதுவும் செத்துக் கிடந்தது. அதை ஆரினுக்கு எழுதவும் முடியாது.

போர் முடிந்த டிசம்பரில் ஆரின் வந்து சேர்ந்தான். இளைத்து, மஞ்சள் பூத்த தோலோடு. அவள் இறைச்சி வறுத்து, உருளைக்கிழங்கு மசித்து வைத்திருந்தாள். அவன் நன்றாகச் சாப்பிட்டான். அக்கம்பக்கத்துச் செய்திகளைக் கேட்டான். அவள் காபி ஊற்றும்போதுதான் அதைச் சொன்னான்.

"முகாம்ல அந்தக் கோழிப் படத்தைப் பார்த்து எல்லாரும் சிரிச்சாங்க, வெர்னா. நானும் சிரிச்சேன். சிரிக்காம இருந்தா கண்டுபிடிச்சிருப்பாங்க."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "நான் ஒருத்திகிட்டதான் சொன்னேன்."

"ஒருத்திகிட்ட சொன்னா போதும்னுதான் அந்தப் படமே சொல்லுது."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் பதில் சொல்லியிருப்பாள். அந்தப் படத்துக்குச் சாயம் பூசியது தான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். போர்தான் முடிந்துவிட்டதே, இனிமேல் அதைச் சொன்னால் யாரும் தண்டிக்கப்போவதில்லை. ஆனால் சொன்னால் அது மன்னிப்புக் கேட்பது மாதிரியும் இருக்கும், பெருமையடிப்பது மாதிரியும் இருக்கும் என்று தோன்றியது. 

அதற்குப் பதிலாக, ஒரு வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள். "எங்கே இருந்தே?"

அவன் கரண்டியால் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். சர்க்கரை போட்டிருக்கவில்லை.

"அதுக்குக் கோழி இல்லை," என்றான். "போனப்ப அப்படி ஓர் இடம் இருக்கறதே நமக்குத் தெரியாது."

பெயரையும் சொன்னான். இரண்டு எழுத்துப் பெயர். அவள் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். சரியாகச் சொன்னாளோ என்னவோ, அவன் திருத்தவில்லை. எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் திறந்து, கூண்டு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். குளிர் உள்ளே வந்தது. கதவைச் சாத்தச் சொல்லலாமா என்று யோசித்து, அவள் தன் கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.