தொண்ணூற்று நான்கு சதவீதக் கால்

அந்த மருந்துக் கிடங்கில் அவளை ஏணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஐந்தடிக்கும் ஒரு விரல் குறைவு. ஆனால் மேல்தட்டில் பெட்டி அடுக்க வேண்டுமென்றால் அவளைத்தான் தேடுவார்கள். முப்பத்தாறு வரிசை அலமாரிகளுக்கு அங்கே இருந்தவை மூன்றே மூன்று ஏணிகள். ஏணிக்குக் காத்து நின்றால் மணிக்கு இத்தனை பெட்டி என்ற கணக்கு உதைக்கும். எனவே அவள் இரண்டுபடி ஸ்டூல் ஒன்றைக் காலாலேயே தள்ளிக்கொண்டு போவாள். மேலே ஏறி, நுனிக்காலில் எம்பி, பெட்டியைத் தட்டில் செருகிவிட்டு அடுத்ததற்கு இறங்குவாள். பதினோரு வருடம் அப்படியே ஓடியது. விழுந்ததில்லை, ஒரு குப்பி உடைந்ததில்லை.

பிரேக் பிடிக்காத தள்ளுவண்டி ஒன்று சரிவில் பின்னாலிருந்து வந்து அவளுடைய இடது குதிகாலுக்கு மேலே மோதியது ஒரு காலை நேரத்தில். பட்டென்று சத்தம் கேட்டது. ஏதோ பெட்டி வெடித்துவிட்டது என்றுதான் அவளே நினைத்தாள். அறுந்தது கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு கட்டிவைத்திருக்கும் தடித்த நாண். அரசு மருத்துவமனையில் அதைத் தைத்தார்கள். ஆறு வாரம் கட்டு, பிறகு ஊன்றுகோல், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடை. வீட்டிலேயே தையல் வேலை பார்க்கும் கணவர் தைப்பதை நிறுத்திவிட்டு அவளுடைய பயிற்சிகளை எண்ணுவார். பதினைந்து என்றால் பதினைந்து. பதினான்கில் உட்கார விடமாட்டார்.

ஐந்தாவது மாதம் கம்பெனி டாக்டர் கூப்பிட்டனுப்பினார். அவருடைய அறையில் நாற்காலி மாதிரி ஒரு இயந்திரம் இருந்தது. உட்கார்ந்து, காலை நீட்டி, ஓர் இரும்புத் தகட்டில் பாதத்தை வைக்க வேண்டும். தகடு பாதத்தைக் காலுக்குச் செங்குத்தாக நிறுத்திவைக்கும். அங்கிருந்து முழு பலத்தோடு அழுத்த வேண்டும். அழுத்தினாள்.

"வலது கால் நூறுன்னா இடது கால் தொண்ணூத்தி நாலு. அருமையா ஆறியிருக்கு. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க."

"சார், நடக்கறேன், படி ஏர்றேன். ஆனா இந்தக் கால்ல நுனிக்கால் வச்சு எம்ப வரமாட்டேங்குது. குதிகால் ரெண்டு விரல் உயரத்துக்கு மேல எழும்பல."

"அது பயம்மா. மிஷின் பொய் சொல்லாது."

வேலைக்குப் போன மூன்றாம் நாள் அவள் விழுந்தாள். உப்புநீர்க் குப்பிகள் அடுக்கிய பெட்டி. ஸ்டூலில் ஏறி எம்பியபோது வலது குதிகால் மேலே போனது, இடது குதிகால் போன வேகத்தில் கீழே இறங்கியது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. இருபது குப்பிகள் தரையில் நொறுங்கின. தோள் கன்றிப்போய் எழுந்து உட்கார்ந்தவளிடம் சூப்பர்வைசர் முதலில் கேட்டது இதுதான்:

"தொண்ணூத்தி நாலு பர்சென்ட் காலு எப்படிக்கா மடங்கும்?"

மறுபடி டாக்டரிடம் அனுப்பினார்கள். மறுபடி அதே நாற்காலி, அதே தகடு. இந்தத் தடவை தொண்ணூற்று மூன்று. டாக்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டார். நான்கு நாள் கழித்து விசாரணை நோட்டீசோடு இணைத்து வந்த அறிக்கையில் அவர் எழுதியிருந்தது: 'முழு உடல் தகுதி உள்ளது. கடினமான வேலையைத் தவிர்க்க நடிப்பதாகத் தெரிகிறது.'

அதைப் படித்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வண்டி மோதியதற்கு யார் மேலும் அவள் கோபப்படவில்லை. அதற்கு முந்தின வாரமே பிரேக் சரியில்லை என்று நோட்டில் எழுதிவைத்தவர்களில் அவளும் ஒருத்தி; அதைக்கூட யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை. இந்த ஒரு சொல்லைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

"விட்டுத் தள்ளேன். பேப்பர்ல ஒரு வார்த்தை. வேற வேலை கேட்டு வாங்கிக்கலாம்" என்றார் கணவர்.

"பதினோரு வருஷமா தூக்கின பெட்டியெல்லாம் ஒரு பக்கம் வைங்க, இந்த வார்த்தைதான் கனமா இருக்கு. நீங்க தச்ச சட்டைய ஒருத்தன் திருட்டுச் சட்டைன்னு சொன்னா விட்டுடுவீங்களா?"

அவர் தையல் மிஷினை மூடிவைத்துவிட்டு அவளோடு கிளம்பினார்.

அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையில் அவளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோ பெண் அறிக்கையைப் படித்தாள். கேலியும் பண்ணவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கட்டிலில் படுக்கவைத்து, உள்ளங்கை அளவு இருந்த ஒரு கருவியைப் பாதத்தில் வைத்து, நான்கு நிலைகளில் அழுத்தச் சொன்னாள். பாதத்தை முகத்தை நோக்கி இழுத்து வைத்தபோது இரண்டு காலும் சமம். செங்குத்தாக வைத்தபோது அதே தொண்ணூற்று நான்கு. கொஞ்சம் கீழே நீட்டியபோது எழுபது. நுனிக்காலில் நிற்பதுபோல முழுக்க நீட்டியபோது முப்பத்தெட்டு.

"மிஷின் பொய் சொல்லலக்கா. அவர் கேட்ட ஒரே கேள்விக்கு அது பதில் சொல்லியிருக்கு, அவ்வளவுதான்" என்றாள். பிறகு தன் இரண்டு கை விரல்களையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் காட்டினாள். "தசைக்குள்ள இழைங்க இப்படித்தான் ஒண்ணை ஒண்ணு பிடிச்சு இழுக்கும். ரொம்ப விலகிட்டா நுனி மட்டும்தான் பிடிக்கும். ரொம்ப நெருங்கிட்டா ஒண்ணு மேல ஒண்ணு இடிச்சுக்கும், இழுக்க இடமே இருக்காது. நடுவுல ஒரு நீளம் இருக்கு, அங்கதான் முழு பலம். நுனிக்கால்ல நிக்கறப்போ கெண்டைச்சதை ஏற்கெனவே சுருங்கித்தான் இருக்கும். எல்லாருக்கும் அங்க பலம் குறையும். உங்க நாண் ஆறும்போது கொஞ்சம் நீண்டு போச்சு. நீண்ட தொய்வைச் சரிக்கட்டவே சதை பாதி சுருங்கிடுது. அப்புறம் எம்பறதுக்கு அதுகிட்ட என்ன மிச்சம் இருக்கும்?"

"இது அந்த டாக்டருக்குத் தெரியாதா?"

"தெரியாம இருக்காது. படிச்சிருப்பார். அவங்க ஃபார்ம்ல ஒரே ஒரு நம்பருக்குத்தான் கட்டம் இருக்கு."

அந்தப் பதில் அவளை இன்னும் கொதிக்க வைத்தது. தெரியாமல் எழுதியிருந்தாலாவது மன்னித்திருப்பாள்.

மேலாளரின் அறையில் விசாரணை நடந்தது. மேலாளர், சூப்பர்வைசர், டாக்டர் மூவரும் மேசைக்கு அந்தப் பக்கம். பிசியோ எழுதிக்கொடுத்த தாளை மேலாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாலு நம்பர் இருக்கு. எதை எடுத்துக்கறது? ஒரே கால் எப்படி ஒரு பக்கம் பலமா, ஒரு பக்கம் பலமில்லாம இருக்கும்?" என்றார்.

டாக்டர், "முயற்சி பண்ணாம அழுத்தினாலும் இப்படித்தான் நம்பர் குறையும்" என்றார், அவளைப் பார்க்காமலே.

அவள் எழுந்து மேசைக்கு அருகில் வந்தாள். "சார், உங்க பேனாவை இறுக்கமா பிடிங்க" என்றாள் மேலாளரிடம். பிடித்தார். இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. "இப்ப மணிக்கட்டை உள்பக்கமா நல்லா மடக்குங்க. முழுசா. இப்ப அதே பேனாவை அதே மாதிரி இறுக்கிப் பிடிங்க."

மேலாளர் முகம் சிவக்கப் பிடித்தார். அவள் இரண்டு விரலால் பேனாவை உருவினாள். வழுக்கிக்கொண்டு வந்தது.

"இருங்க, இன்னொரு தடவை" என்றார் மேலாளர். இன்னொரு தடவையும் வந்தது. சூப்பர்வைசர் மேசைக்குக் கீழே தன் மணிக்கட்டை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கை நல்ல கைதான் சார். அடிபடல, அறுபடல. ஆனா மடக்கின உடனே பிடி போயிடுச்சு. அப்ப நீங்க நடிக்கிறீங்கன்னு எழுதலாமா?"

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"என்னை நுனிக்கால்ல நிக்கத்தானே சம்பளத்துக்கு வச்சிருக்காங்க. அந்த நிலைமையில ஒரு தடவை அளந்து பார்த்தீங்களா சார்? எம்ப வரலைன்னு அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேன். நீங்க நாற்காலியைத்தானே பார்த்தீங்க, என்னைப் பார்க்கலையே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேலை மாற்றம் பரிந்துரைக்கிறேன்" என்றார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் புதிய அறிக்கை வந்தது: உயரத்தில் அடுக்கும் வேலை கூடாது, லேபிள் ஒட்டும் பிரிவுக்கு மாற்றலாம். பழைய அறிக்கை அதன் பின்னாலேயே கோப்பில் இருந்தது, 'நடிப்பதாக' என்ற சொல்லோடு. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்றாள்.

"கேட்டது கிடைச்சாச்சே அக்கா, இன்னும் என்ன?" என்றார் சூப்பர்வைசர்.

"நான் கேட்டது வேற. அந்த வார்த்தையை அடிச்சுட்டுத் தாங்க."

ஒன்பது வேலை நாள் அவள் தினமும் காலையில் வந்து மேலாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் விசாரித்தார்கள். விசாரித்தவர்களிடமெல்லாம் மணிக்கட்டை மடக்கிப் பேனாவைப் பிடிக்கச் சொன்னாள். இரண்டாவது வாரத்தில் கிடங்கு முழுக்க ஆட்கள் மணிக்கட்டை மடக்கி ஒருவர் பேனாவை ஒருவர் உருவிக்கொண்டிருந்தார்கள். பத்தாம் நாள் மேலாளர் கோப்பை வெளியே கொண்டுவந்து, அவள் கண்ணெதிரே அந்த வரியைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் 'தவறான பதிவு' என்று எழுதிக் கையெழுத்திட்டார். டாக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. அதன் பிறகு தாழ்வாரத்தில் எதிரே வந்தால் அவர் கைபேசியைப் பார்த்தபடி போய்விடுவார்.

லேபிள் பிரிவில் உட்கார்ந்து செய்கிற வேலை. கை வேகம் அவளுக்கு ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. கோபம் மட்டும் அடங்கவில்லை. அவள் இடத்துக்கு வந்த பெண் அதே ஸ்டூலில் ஏறி அதே மாதிரி எம்புவதை லேபிள் மேசையிலிருந்தே பார்க்க முடிந்தது. ஏணி இன்னும் மூன்றுதான். அவள் ஒரு தாளை எடுத்து, ஏணி கேட்டு மனு எழுதி, அடுக்குகிறவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கப் புறப்பட்டாள். இடது காலை லேசாகச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடந்தாள். வேகம் குறையவில்லை.