பிலோமினா அக்கா கேட்ட மஞ்சள் கோடு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, மாத்தளையில் நான் கிளார்க்காக இருக்கும் மிளகுக் கடைக்குத் தொலைபேசி வந்தது. பலாபத்வலையிலிருந்து அக்காவின் பக்கத்து வீட்டுச் சுமனா பேசினார். தம்பி என்பதைச் சிங்களத்தில் 'மல்லி' என்றுதான் என்னைக் கூப்பிடுவார். "மல்லி, நம்ம பிலோமினா அக்கா போயிட்டாங்க" என்றார். நான் முதலில் கேட்டது, "ரோட்டுலயா?" என்றுதான்.

"இல்ல மல்லி, கட்டில்ல. காலைல தேத்தண்ணி கொண்டு போனேன். எழும்பல்ல."

மரணச் செய்திக்கு இப்படியா கேட்பது என்று முதலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அக்கா வீட்டு முன்னாலிருக்கும் ரோட்டு வளைவை ஏழு வருடம் நாள்தோறும் கடந்து வேலைக்குப் போனவனுக்கு வேறு கேள்வி வராது. அக்கா ரோட்டில் சாகவில்லை என்றதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பலாபத்வலை கடைத்தெருவைத் தாண்டி யாழ்ப்பாண ரோட்டு வளையும் இடத்தில், வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்தவர் பிலோமினா அக்கா. தோட்டத்தில் பிறந்து, தையல் பழகி, கல்யாணம் கட்டாமல் தனியாக இருந்தவர். பள்ளிக்கூடச் சட்டைகளும், கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைப் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பும், சுற்றியிருந்த சிங்களப் பெண்களின் சட்டைகளும் அவர் கையால்தான் ஆகும். துணி வெட்டும் கத்தரிக்கோலால் யாராவது கடதாசி வெட்டிவிட்டால் அன்றைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. வாய் கொஞ்சம் நீளம்.

அவர் கடைக்கு எதிர்ப்புறத்தில் எங்கள் முதலாளியின் மிளகு காயவைக்கும் கொட்டகை இருந்தது. நான் அங்கே வேலைக்கு வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. என் பெற்றோர் தமிழரை அடித்து விரட்டிய எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனவர்கள். நான் வேலை தேடி மறுபடி மலைநாட்டுக்கு வந்தேன். அடையாள அட்டையில், புலிகளின் பிடியில் இருந்த கிளிநொச்சி முகவரி. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் அதை நீட்டும் ஒவ்வொரு முறையும் என்னை மட்டும் ஒதுங்கி நிற்கச் சொல்வார்கள்.

மத்தியானத்தில் ரோட்டைக் கடந்து போய் அக்காவிடம் தேத்தண்ணி குடிப்பேன். முதல் நாளே திட்டு வாங்கினேன். மாத்தளைப் பக்கமிருந்து வந்த லொறி நின்றதை நம்பி, எதிர்ப்பக்கம் பார்க்காமல் ஓடிவிட்டேன்.

"ரெண்டு பக்கமும் நின்னாத்தான் கால வைக்கணும் தம்பி" என்றார் அக்கா. "ஒரு பக்கம் நின்னத நம்புனவங்கதான் இங்க அடிபடுறாங்க."

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தையலை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். இதே வார்த்தையைத் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை ரோட்டைக் கடக்க வைப்பார். அப்போது அங்கே ஆட்கள் ரோட்டைக் கடப்பதற்கான மஞ்சள் கோடும் இல்லை, பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சொல்லும் பலகையும் இல்லை. வளைவைச் சுற்றி வருகிறவனுக்குப் பிள்ளைகள் தெரிவது கடைசி நிமிடத்தில்தான்.

ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல், வாசலுக்கு வரவில்லை. அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டுச் சுமனாவின் மகளை ஒரு வேன் அடித்துவிட்டு நிற்காமல் போனது. பிள்ளைக்குக் கால் முறிந்தது. யாருடைய வேன் என்று கண்டவர் இல்லை. காய்ச்சல் விட்டதும் அக்கா தபாற்கந்தோருக்குப் போய் முத்திரை வாங்கி வந்தார். ரோட்டுக் காரியாலயத்துக்கு மனு எழுதத் தொடங்கினோம். அவருக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. எழுதியது நான்.

நாலாவது மனுவுக்குப் பிறகு அந்தக் காரியாலயத்திலிருந்து ரோட்டு வேலை பார்க்கும் ஓவசியர் ஒருவர் வந்து நின்று பார்த்தார். "எவ்வளவு வாகனம் போகுதுன்னு ஆதாரம் வேணும். ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், நேரத்தோட எழுதித் தாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா எண்ணிய விதத்தை நேரில் பார்த்திருக்க வேண்டும். மெஷினுக்குப் பக்கத்தில் வாய் அகன்ற போத்தல்களை வைத்தார். பஸ்ஸுக்குச் சிவப்புப் பட்டன், லொறிக்குக் கறுப்பு, வேனுக்கும் காருக்கும் வெள்ளை. கால் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும், கண் துணியில் இருக்கும், சத்தத்தைக் கேட்டே வாகனத்தைக் கண்டுபிடித்து ஒரு கை பட்டனைப் போடும். ஆமி டிரக்குகள் வடக்கே வரிசையாகப் போன காலம் அது. அவற்றுக்கு என்ன நிறம் என்று கேட்டேன். "குளிர்கோட்டுப் பட்டன் போடுவோம், அதுதான் பெருசு" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஒவ்வொரு மணித்தியாலமும் போத்தலைக் கொட்டி அவர் சொல்ல, நான் கொப்பியில் எழுதினேன். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, பஸ் ஒரு நிரல், லொறி ஒரு நிரல், ஆமி டிரக் ஒரு நிரல், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் என்று எல்லாம் தெளிவாக. நல்ல கிளார்க் என்று பெயரெடுக்கும் ஆசை எனக்கு. யுத்தம் நடக்கும் நாட்டில், வடக்கே போகும் ரோட்டில், கிளிநொச்சி முகவரிக்காரன் ஒருவன் ஆமி வாகனங்களை நேரத்தோடு எழுதி அரசாங்கக் காரியாலயத்துக்கே கொடுக்கிறான். எங்கள் இருவருக்கும் அது உறைக்கவில்லை. எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது பிள்ளைகளும் வளைவும்தான்.

கொப்பி மேசைக்கு மேசை போயிருக்கும். எந்த மேசையில் யார் திடுக்கிட்டார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை காலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, அக்காவின் வாசலில் பொலிஸ் ஜீப் நின்றது. ஒருவர் கையில் எங்கள் கொப்பி. அக்கா வாசற்படியில் நின்றார். என்னைப் பார்த்தார். முன்பின் அறியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு விளங்கியது. ஒரு கால் தரையில் இருந்தது, அதைத் தூக்கி மறுபடி பஸ்ஸுக்குள் வைத்தேன். இன்னும் வடக்கே, நாலந்தா என்ற ஊர் வரைக்கும் போனேன். கண்டக்டர் அங்கே இறங்கச் சொன்னார், இறங்கினேன். மத்தியானம் வரை பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, நான் தங்கியிருந்த மாத்தளை நகரத்துக்குத் திரும்பினேன். காய்ச்சல் என்று முதலாளியிடம் பொய் சொன்னேன்.

அக்காவை மூன்று நாள் வைத்திருந்தார்கள். அந்த மூன்று நாளும் நான் பொலிஸ் நிலையம் இருந்த தெருவால் நடக்கவே இல்லை. வெளியே ஜீப் சத்தம் கேட்டால் அக்கா என் பெயரைச் சொல்லிவிட்டார் என்று நினைப்பேன். அப்படி நினைத்ததை இன்று எழுதும்போது கை கூசுகிறது. அவர் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பொலிஸுக்குப் போனவர் சுமனா. ஒரு கையில் இன்னும் கால்கட்டு அவிழாத மகள், மறு கையில் பட்டன் போத்தல்களைப் போட்ட பை. பொலிஸ் பெரியவரின் மேசையில் பட்டன்களைக் கொட்டிவிட்டுச் சிங்களத்தில் சொன்னாராம்: "என் புள்ளைய அடிச்ச வேன எழுதி வைக்க ஒரு ஆள் இல்ல. எழுதி வச்ச அக்காவ நீங்க புடிச்சு வச்சிருக்கீங்க." அன்று பின்னேரமே அக்காவை விட்டுவிட்டார்கள்.

நான் அவரைப் பார்க்கப் போனது அதற்கும் இரண்டு நாள் கழித்து. வாசலில் நின்றேன். "உள்ள வாங்க, வெயில்ல நிக்காம" என்றார். தேத்தண்ணி தந்தார். பிறகுதான் சொன்னார்.

"எழுத்து யாரோடதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. சட்டை தைக்க வந்த யாரோ எழுதித் தந்தாங்க, பேர் ஞாபகமில்லன்னு சொன்னேன்."

"நான் வந்திருக்கணும் அக்கா" என்றேன்.

"வந்திருந்தா உங்கள விட்டிருக்க மாட்டாங்க. பொய் சொன்னதுக்குச் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன், அது என் பாடு. நீங்க அடுத்த மனுவ எழுதுங்க. இந்தத் தடவ ஆமிய விட்டுடுங்க."

எழுதினேன். மறு வருடம் மஞ்சள் கோடு போட்டார்கள். பிள்ளைகள் படம் போட்ட பலகையையும் நட்டார்கள், பலாக்கிளைக்குப் பின்னால். கிளையை வெட்டச் சொல்லி இன்னும் இரண்டு மனு எழுதினோம். கடைசியில் பலகையை முழுசாகப் பார்த்த அன்று அக்கா எனக்கு வட்டிலப்பம் வாங்கித் தந்தார்.

ஆனால் அந்த மூன்று நாள் அவரை விட்டுப் போகவில்லை. பாரமான வாகனத்தின் சத்தம் தூரத்தில் கேட்டாலே கை மெஷின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிடும். அது கடந்து போகும்வரை மூச்சு விடாமல் இருப்பார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் மிதிப்பார். உள்ளே என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை பின்னேரம் அடக்கம். மாதா கோயிலும், அடக்கம் செய்யும் சேமக்காலையும் எதிர்ப்புறத்தில். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மஞ்சள் கோட்டின் ஓரத்துக்கு வந்தபோது, வளைவில் அந்தச் சத்தம் கேட்டது. தம்புள்ளைப் பக்கமிருந்து ஆமி டிரக்குகள் வரிசையாக வந்தன. எல்லோரும் தயங்கி நின்றார்கள். தன் பிள்ளைகளோடு வந்திருந்த சுமனாவின் மகளும் நின்றாள்.

நான் இறங்கி மஞ்சள் கோட்டின் நடுவில் நின்று கையைத் தூக்கினேன். முதல் டிரக் நின்றது. முன்னால் இருந்த சிப்பாய் எட்டிப் பார்த்து, யாருடைய சாவு என்று சிங்களத்தில் கேட்டார்.

"எங்க அக்கா" என்று அதே மொழியில் சொன்னேன். "இந்தக் கோட்டக் கேட்டு வாங்கினவங்க. வாகனம் எண்ணினது அவங்க, கொப்பியில எழுதினது நான்."

அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. இருபது வயதுதான் இருக்கும். போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பத்து வருடத்துக்கு மேல் நான் சுமந்த வார்த்தை அது, பொலிஸ் மேசைக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. சொல்ல எனக்கு இத்தனை காலமும் உங்கள் பெட்டியும் தேவைப்பட்டன, அக்கா.

மாத்தளைப் பக்கமிருந்து ஒரு பஸ் வேகமாக வந்தது. அந்தப் பக்கமும் கையை நீட்டினேன். அதுவும் நின்றது. சுமப்பவர்களைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தேன்.

போய் வாருங்கள் அக்கா. இரண்டு பக்கமும் நின்றுவிட்டன.