எருமைக்குக் குரல் கொடுத்தவன்

முகத்தைக் காட்டிப் பிழைப்பவனை ஊர் நம்பிவிடும். குரலை மட்டும் கொடுத்துப் பிழைப்பவனைக் குடியிருக்கும் வீட்டுக்காரர்கூட நம்ப மாட்டார். திரையில் பெயர் வராத வேலை செய்யும் சகாக்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில் ஞாயிறுதோறும் டிவியில் வந்த ஒரு சிரிப்புத் தொடரில், குடும்பத்துக்கே புத்தி சொல்லும் எருமைக்கு நான்தான் குரல். எருமை தானாகவே பேசுகிறது என்று குழந்தைகள் நம்ப வேண்டுமாம். அதனால் வெளியே மூச்சு விட்டால் வேலை போய்விடும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தார்.

மெல்லும் வரை வசனம்

எருமையை வாயசைக்க வைக்க எந்தத் தந்திரமும் வேண்டாம். வயிறு நிறையத் தின்றுவிட்டுப் படுத்தால் அசை போடும், கேமராவை ஓட விடலாம். கஷ்டம் எனக்குத்தான். சேரப்பணஞ்சேரியில் வாடகைக்கு எடுத்த கொட்டகையில், வைக்கோல் போருக்குப் பின்னால் மைக்கோடு குந்திக்கொண்டு, அதன் தாடை ஆடும்வரை பேச வேண்டும். தாடை நின்றால் வாக்கியம் பாதியில் இருந்தாலும் நிறுத்த வேண்டும். வசனம் தீர்ந்தும் அது மென்றால் கைச்சரக்கைச் சேர்க்க வேண்டும்.

ஒருநாள் அதற்கு நல்ல தீனி. விடாமல் மென்றது. நானும் மாமியார் மருமகள் விவகாரம் மொத்தத்தையும் அலசிவிட்டேன். தன் முறைக்காக நின்றுகொண்டிருந்த கதாநாயகருக்கு முகம் கறுத்துப்போனது. அவரை ஓரங்கட்ட நானும் எருமையும் கூட்டுச் சேர்ந்துவிட்டோம் என்று அவருக்குச் சந்தேகம். இயக்குநரைத் தனியே அழைத்து அவர் சொன்னது போருக்குப் பின்னால் இருந்த எனக்கும் கேட்டது.

"நாளையிலேர்ந்து அதுக்குப் புண்ணாக்கைக் குறைங்க சார், இல்லேன்னா எனக்கு டயலாக்கைக் கூட்டுங்க."

பவுனம்மாவின் சோதனை

எருமையின் சொந்தக்காரி பவுனம்மாவுக்கு, ரகசியம் காக்க வேண்டி, கொட்டகைக்குள் அனுமதியில்லை. ஷூட்டிங் நாட்களில் பால் குறைகிறது என்று வேறு அவளுக்கு எரிச்சல். சாயங்காலம் மாட்டை ஓட்டிப் போக வரும்போதெல்லாம் அதன் வாயைத் திறந்து மோந்து பார்ப்பாள், நாக்கைத் தூக்கிப் பார்ப்பாள், ஊசித் தழும்பு இருக்கிறதா என்று கழுத்தைத் தடவுவாள். பிறகு எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்ப்பாள். செய்யாத குற்றத்துக்கு நாங்கள் தலை குனிந்து நிற்போம்.

"என்னாண்ட இத்தினி வருசமா ஒரு வார்த்த பேசாத மாடு, உங்களாண்ட மட்டும் எப்டி சார் பேசுது? இன்னா மருந்து குடுக்கறீங்க?"

உள்ளே இருப்பது யார்?

நான் தங்கியிருந்தது இருங்காட்டுக்கோட்டையில், கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விடும் வரிசை அறைகளில் ஒன்று. பையன்கள் ஷிப்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு எருமைக் குரலைப் பழகுவேன். கட்டையான, கரகரத்த, கொஞ்சம் அதிகாரமான குரல். நடுநடுவே என் சொந்தக் குரலில் என்னையே திட்டிக்கொள்வேன். வீட்டுக்காரர் ஒருநாள் கதவைத் தட்டி, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஒரு ஆளுன்னு சொல்லித்தானே வந்தே? உள்ளார கத்திக்கினு கீற பெருசு யாரு?"

வாலாஜாபாத் சம்பந்தம்

அந்தச் சமயத்தில்தான் வாலாஜாபாத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். செல்வியை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இந்த இடம் கை நழுவிப் போய்விடக் கூடாதே என்று உள்ளுக்குள் பயமாகவே இருந்தது. என்ன வேலை என்று கேட்டபோது "டிவியில்" என்று மட்டும் சொன்னேன். அவள் அப்பாவுக்கு அது போதவில்லை. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. முன்பு பார்த்த மாப்பிள்ளை கம்பெனிச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாக வந்து பர்மனென்ட் என்று சொல்லி, விசாரித்தபோது கான்ட்ராக்ட் என்று தெரியவந்து, பேச்சு முறிந்திருந்தது.

அதனால் இந்த முறை அவரே விசாரிக்கக் கிளம்பிவிட்டார். என் வீட்டுக்காரர் அவரிடம், அறைக்குள் ஒரு பெரியவரை ஒளித்து வைத்திருக்கிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறார். அப்பா காலமாகிவிட்டார் என்று நான் சொல்லியிருந்தேன். காலமாகவில்லை, பித்துப் பிடித்தவரைப் பூட்டி வைத்திருக்கிறேன் என்று செல்வியின் அப்பா முடிவு கட்டி, என்னைத் தேடிக் கொட்டகைக்கே வந்துவிட்டார்.

வெளியே நின்றவருக்கு அந்தக் கரகரத்த குரல் கேட்டிருக்கிறது. பின்பக்கமாகப் புகுந்து வைக்கோல் போரைச் சுற்றி வந்தார். பெரியவரைக் காணோம், மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் இருந்தேன். எருமை அப்போதும் மென்றுகொண்டிருந்ததால் நிறுத்த வழியில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடியே எருமையாகப் பேசினேன். தாடை நின்ற பிறகுதான் வணக்கம் சொல்ல முடிந்தது. செல்வி எனக்கில்லை என்று அந்த நிமிஷமே மனசைத் தேற்றிக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன். அவர் எருமையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்தில் குந்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இந்த வேலை பர்மனென்டா தம்பி, கான்ட்ராக்டா?"

எருமையும் கான்ட்ராக்ட், நானும் கான்ட்ராக்ட் என்று ஒளிக்காமல் சொன்னேன்; அந்த ஒரு உண்மைக்காகத்தான் பெண்ணைக் கொடுத்தேன் என்று மாமனார் ஊரெல்லாம் சொன்னாலும், நான் போன் செய்தால் மட்டும் பேசுவது மாப்பிள்ளைதானா என்று இன்றுவரை மகளிடம் கேட்டு உறுதி செய்துகொள்கிறார்.