பாண் ஓட்டோவில் போய்க் கூட்டிவந்த கதிரைகள்

சித்திரைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே நகரசபைக்கு எங்கள் மீது அன்பு பொங்கிவிடும். வருடம் முழுவதும் எட்டிப் பார்க்காத ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகக் கடற்கரை வீதியிலிருந்து பிரியும் எங்கள் ஒழுங்கைக்குள் வருவார்கள். நுளம்புக்குப் புகை அடிப்பார்கள். நாய்களைத் துரத்திப் பிடித்து ஊசி போடுவார்கள். கழிவுநீர்க் கானைத் துப்புரவாக்குவார்கள், போன சித்திரையிலிருந்து தேடிக்கொண்டிருந்த செருப்புகளெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். நடமாடும் நூலகம்கூட ஒருநாள் வந்து நின்று, புத்தகத்தை விட ஐஸ்பழத்தை எதிர்பார்த்து ஓடிவந்த பிள்ளைகளைக் கண்டு திகைத்துப்போய் நிற்கும். கடைசியாக வருவது பழைய சாமான் ஏற்றும் டிரக்டர். உடைந்த கட்டில், ஓடாத மின்விசிறி, உக்கிப்போன மெத்தை எதுவானாலும் சொன்ன நாளில் வாசலில் வைத்தால் போதும், அள்ளிக்கொண்டு போய்விடும்.

எனக்கு இந்த இரண்டு வாரமும் தலைகால் புரியாது. அறிவித்தல், கூட்டம், ஒலிபெருக்கி என்றால் எனக்கு உயிர். ஆனால் நான் சொல்லப்போகும் அந்த வருடம் வரைக்கும் நான் வெறும் பார்வையாளர்தான்.

நான் மூதூர்க்காரி. கணவருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததால் இந்த ஒழுங்கையில் வாடகைக்கு வந்து ஒன்பது வருடமாகியிருந்தது. அயலவர்கள் எல்லாரும் என்னோடு மிகவும் நல்லமாதிரி. எனக்கு அதுதான் பெரிய கவலை. அவர்களுக்குள் முற்றத்தில் விழுந்த ஒரு பலா இலைக்காகக்கூட மதிலுக்கு மேலால் சண்டை பிடிப்பார்கள். மாலையில் ஒருவர் மற்றவர் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்கள். என்னோடு மட்டும் ஒருவரும் சண்டை பிடிப்பதில்லை. ஒருநாள் நான் படலையைத் திறந்தபடி விட்டதால் என் வளவுக்குள்ளால் ஊருக்குள் மாடுபோலத் திரியும் மான்களில் மூன்று புகுந்து, பக்கத்து வீட்டு டீச்சரின் செவ்வரத்தை முழுவதையும் மேய்ந்துவிட்டுப் போயின. இதையே வேறு யாராவது செய்திருந்தால் டீச்சர் அவர்களின் பரம்பரையையே இழுத்திருப்பார். என்னிடம் சிரித்துக்கொண்டு, "பரவாயில்லை, நீங்கள் இடத்துக்குப் புதுசுதானே" என்றார். ஒன்பது வருடம்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த டீச்சர்தான் எங்கள் சனசமூக நிலையத்தின் செயலாளராகப் பல வருடம் இருந்தவர். முழங்கால் வலியால் அந்த முறை விலகினார். கூட்டத்தில் எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் கையை உயர்த்தினேன். டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்கள் வருசப் பிறப்புக்கு மூதூருக்குப் போறேல்லையோ?" என்று கேட்டார். போவதில்லை என்றேன். பொய். அந்த வருட விளையாட்டு விழாவைப் பிசகில்லாமல் நடத்திக் காட்டினால் நானும் இந்த ஒழுங்கை ஆள் ஆகிவிடுவேன் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். அது பிசகினால் சாகும்வரை நான் புதுசுதான்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வழக்கம் உண்டு. விழாவோ கலியாணமோ செத்தவீடோ, எதற்கும் ஆட்கள் உட்காரக் கதிரை வாடகைக்கு எடுப்பதில்லை. சொன்ன நாளில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் கதிரைகளைக் காலையிலேயே படலைக்கு வெளியே வைத்துவிடுவார்கள். கைவண்டி வந்து ஏற்றிப் போகும். யாருடையது என்று தெரிவதற்காகக் கதிரையின் அடியில் வீட்டுக்கொரு அடையாளம் பெயின்றால் போட்டிருக்கும்: ஒரு வீட்டுக்கு மீன், ஒரு வீட்டுக்குப் பிறை, எங்களுக்கு ஒரு வட்டம்.

விழாவை வருடப் பிறப்புக்கு முந்திய ஞாயிறு வைத்திருந்தோம். பிறந்த பிறகு பாதிப்பேர் வெருகல் பக்கம் ஊருக்குப் போய்விடுவார்கள். பிறகு, அந்த ஞாயிறு கடற்கரையைப் பக்கத்து ஒழுங்கைக்காரர் முதலே கேட்டு வாங்கிவிட்டது தெரியவந்தது. நான் ஒரு நிமிடமும் யோசிக்காமல் விழாவைச் சனிக்கிழமைக்கு மாற்றி, வீட்டுக்கு வீடு புதிய அறிவித்தல் கொடுத்தேன். கதிரைகளை எட்டு மணிக்கு முன் வாசலில் வைக்கவும் என்று கீழே கோடும் போட்டிருந்தேன். இதற்கு முந்திய கிழமை நானே கொடுத்த இன்னோர் அறிவித்தல் எனக்கு நினைவில் இல்லை. பழைய சாமான்களை எட்டு மணிக்கு முன் வாசலில் வைக்கவும். அதே சனிக்கிழமை.

அன்று விடிய நான் கடற்கரையில் சுண்ணாம்புத்தூளால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தால் ஒழுங்கை அப்படியொரு சுத்தம். ஒரு சிரட்டைகூடக் கிடக்கவில்லை. கைவண்டி வெறுமையாக நின்றது. எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் கிண்ணியாப் பாண்காரர், பாட்டுப் போட்டுத் தெருத் தெருவாகப் பேக்கரிப் பாணும் பணிசும் விற்கிற தன் ஓட்டோவைத் துடைத்தபடி என்னைக் கண்டதும் பாராட்டினார்.

"நல்ல வேல புள்ள. டிரக்டர் வந்து அஞ்சு நிமிசத்தில எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிட்டு. கதிரையளக்கூட விடல்ல. புதுக் கதிரை தரப்போறியளோ?"

வீடுகளுக்குள் எல்லாரும் பலகாரம் சுடும் மும்முரத்தில் இருந்திருக்கிறார்கள். சாமான் ஏற்றுகிற சத்தம் கேட்டதும், கைவண்டி வந்துவிட்டது என்று நினைத்து முறுக்கைப் பிழிந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து டீச்சர் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

பிரதம விருந்தினர் இருப்பதற்கென்று டீச்சர் முதன்முறையாகத் தன் தகப்பனாரின் கதிரையைத் தந்திருந்தார். முதிரை மரத்தில் கடைந்த கைகள், பிரம்பு பின்னிய முதுகு. அவர் வீட்டில் அதில் ஒருவரும் இருந்து நான் கண்டதில்லை.

"கதிரையைக் கவனமாக் கொண்டு போனவையோ?" என்று கேட்டார்.

நான் உண்மையைச் சொன்னேன். டீச்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாண் ஓட்டோவை நோக்கி நடந்தார்.

"ஏறு."

பாண் ஓட்டோவின் பின்பக்கம் முழுவதும் கண்ணாடி அலுமாரி. உள்ளே பாணும் பணிசும். ஆள் இருக்க இடமென்றால் ஓட்டுபவரின் ஆசனம் மட்டும்தான். நடுவில் பாண்காரர் ஒடுங்கிக்கொள்ள, இடப்பக்கம் டீச்சர், வலப்பக்கம் நான் பாதி வெளியே. ஓட்டோ கிளம்பியதும் அதன் பாட்டும் கிளம்பிவிட்டது.

"அதை நிப்பாட்டுங்கோ" என்றார் டீச்சர்.

"ஏலா டீச்சர். சுவிட்ச் நேத்தே போயிட்டு."

ஆக, பாட்டு ஊர் முழுக்கக் கேட்க, நாங்கள் கடற்கரை வீதியால் பறந்தோம். பாட்டைக் கேட்டவர்கள் வாசலுக்கு ஓடிவந்து கையைக் காட்டினார்கள். பாண்காரருக்கு அப்படிக் கை காட்டினால் நிறுத்தாமல் போக மனம் வராது. ஒவ்வொரு சந்தியிலும் நின்றோம். ஒருவருக்கு இரண்டு இறாத்தல் பாண், ஒருவருக்கு மீன் வைத்த மாலு பணிஸ். கடைசியில் நேரம் போகிறதென்று நானே இறங்கிப் பணிஸ் சுற்றிக் கொடுத்தேன். ஒரு அம்மா டீச்சரைப் பார்த்து, "டீச்சர், பென்சன் காசு காணாதோ, பாண் விக்க வெளிக்கிட்டியளோ?" என்று கேட்டார்.

இவ்வளவுக்கும் நடுவில் டீச்சர் என்னை ஏசிக்கொண்டே வந்தார்.

"உனக்கு மண்டைக்குள்ள என்ன இருக்கு? ரெண்டு அறிவித்தல் துண்டையும் நீதானே எழுதினனி? கண்ணைப் பிடரியிலயோ வச்சிருக்கிறாய்? கையை உசத்தேக்க மட்டும் கெட்டித்தனம்."

ஆனாலும் அந்த ஏச்சில் ஏதோ ஒன்று என் காதுக்கு இதமாக இருந்தது. என்னவென்று அப்போது பிடிபடவில்லை.

டிரக்டர் சாமான் கொண்டுபோய்க் கொட்டும் சபையின் யார்ட்டுக்குள் நுழைந்ததும் பாண்காரர் பிரேக்கை அழுத்திவிட்டார். பெரிய வாகை மரத்தின் கீழே எங்கள் ஒழுங்கையின் கதிரைகள் முழுவதும் இரண்டு வரிசையாக, கூட்டத்துக்குப் போடுவதுபோல ஒழுங்காகப் போடப்பட்டிருந்தன. அவற்றில் துப்புரவுத் தொழிலாளர்கள் அமர்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் டீச்சரின் தகப்பனாருடைய கதிரை. அதில் எங்கள் ஒழுங்கையைத் தினமும் கூட்டுகிற அக்கா, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி இருந்தார்.

பாண் பாட்டைக் கேட்டு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அக்கா பதறி எழும்பினார்.

"நாங்கள் ஒண்டையும் உடைக்கேல்ல டீச்சர். அடியில அடையாளம் போட்டிருக்கு. எறியிற கதிரைக்கு ஆரும் பெயின்ற் அடிப்பினமோ? தேடி வருவியள் எண்டு தெரியும், அதுதான் எடுத்து வச்சனாங்கள். வரும்வரைக்கும் கொஞ்சம் இருந்து பாத்தம்."

டீச்சர் கதிரையைப் பார்த்தார்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

அந்த அக்கா கொஞ்சம் தயங்கினார். "வடிவான கதிரைதான். ஆனா நடு முதுகில ஒரு ஆணி குத்துது."

"அப்பிடியோ" என்றார் டீச்சர். "எனக்குத் தெரியாது. அப்பா இருக்கும்வரை எங்களை இதில இருக்க விடேல்ல. பிறகு எனக்கு இருக்க மனம் வரேல்ல."

சொல்லிவிட்டு மெல்லப் போய் அதில் இருந்தார். முதுகைச் சாய்த்தார். முகம் சுருங்கியது.

"ஓம். குத்துது."

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு யாராலும் அடக்க ஏலவில்லை. பாண்காரர் மிச்சமிருந்த பணிஸ் எல்லாவற்றையும் தேத்தண்ணியோடு பங்கிட்டார். ஒருவர் சுத்தியலைக் கொண்டுவந்து ஆணியைத் தட்டி உள்ளே இறக்கினார்.

கதிரைகள் அதே டிரக்டரில் கடற்கரைக்கு வந்து சேர்ந்தன. தொழிலாளர்களும் கூடவே வந்து, கயிறிழுத்தலில் எங்கள் ஒழுங்கையை இரண்டு முறை மண்கவ்வ வைத்தார்கள். பிரதம விருந்தினருக்குப் பிளாஸ்ரிக் கதிரைதான் கிடைத்தது. தகப்பனாரின் கதிரையில் மாலை முழுவதும் டீச்சரே இருந்தார்.

ஆனால் கதை அதற்குள் வீடு வீடாகப் பரவிவிட்டது. கதிரையை எடுக்க வந்தவர்கள் ஒவ்வொருவராக என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மீன் அடையாள வீட்டுக்காரி தன் கதிரைக் காலில் வெடிப்பைக் காட்டிக் கத்தினார். பிறை வீட்டு மாமா, எனக்கு அறிவித்தல் எழுதத் தெரியுமா, இல்லையா என்று கேட்டார். மூன்றாவது ஆள் பழைய கதையைத் தொடங்கி, போன வருடம் நான் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டதையும் சேர்த்துக்கொண்டார். ஒன்பது வருடமாக அவர்கள் மனதில் வைத்திருந்ததெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. வருடா வருடம் பலகாரத் தட்டைக் கொண்டுவந்து தந்தாலும் என்னைப் பெயர்சொல்லிக் கூப்பிடவே கூச்சப்பட்ட பெண், "எடியே, இஞ்ச வா" என்று தூரத்திலிருந்து கூப்பிட்டு ஏசினாள். அப்போதுதான் காலையிலிருந்து என் காதுக்கு இதமாக இருந்தது என்னவென்று பிடிபட்டது. ஏசியவர்களில் ஒருவர்கூட என்னை 'நீங்கள்' என்று சொல்லவில்லை.

கடைசியாக டீச்சர் வந்தார்.

"வாற வருசமும் ரெண்டையும் ஒரே நாளில வச்சியெண்டால், உன்னைத்தான் முதல் டிரக்டரில ஏத்தி விடுவன். விளங்குதோ?"

"ஓம் டீச்சர்" என்றேன். வாயை மூடத்தான் முயன்றேன், முடியவில்லை.

"நான் ஏசிக்கொண்டு நிக்கிறன், நீ என்னடி இளிக்கிறாய்?" என்று டீச்சர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.