என் மகன் பெயரில் பட்ட தீக்காயம்

அறுபத்தொரு வயதில் நான் என் மகனாக வேலைக்குப் போனேன். கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள், ஊரே சிரித்து முடித்துவிட்டது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஆலையில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். என் முகத்துக்காகத்தான் அதே ஆலையில் என் மகனைக் காண்ட்ராக்டில் எடுத்தார்கள். ஐடிஐ முடித்தவன், இருபத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. கையில் வேலை இருந்தது, உடம்பில் தெம்பு இருந்தது. காலையில் எழுந்திருக்க மட்டும் அவனால் முடியவில்லை. மதியம் சாராயக்கடை திறக்கிற நேரத்துக்கு யாரும் எழுப்பாமலே எழுந்துவிடுவான்.

அந்த ஆலையில் காண்ட்ராக்ட் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் வராவிட்டால் அவன் வீட்டிலிருந்து இன்னொருவன் வந்து அந்த இடத்தில் நிற்கலாம். அண்ணனுக்காகத் தம்பி வருவான், மாமனுக்காக மச்சான் வருவான். யார் வந்தாலும் கார்டில் இருக்கிற பெயர்தான் வருகை நோட்டில் ஏறும். மூன்று நாள் சேர்ந்தாற்போல இடம் காலியாக இருந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், அப்புறம் காலில் விழுந்தாலும் கிடைக்காது. அப்பனுக்குப் பதிலாகப் பிள்ளை வந்து நின்றதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பிள்ளைக்குப் பதிலாக அப்பன் போய் நின்றது, எனக்குத் தெரிந்து, நான் ஒருத்தன்தான்.

முதல் தடவை அவன் இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் என் மனைவி அவனுடைய ஹெல்மெட்டையும் கார்டையும் எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள். இன்று ஒரு நாள் நான் போய்விட்டு வந்தால் நாளையிலிருந்து அவனே போவான் என்றாள். அவள் சொன்னதில் எனக்கு நம்பிக்கை இருந்தது என்று சொல்லமாட்டேன். அந்த இடம் போய்விட்டால் அவன் முழுசாகக் குடியில் விழுந்துவிடுவான் என்ற பயம்தான் என்னைத் தள்ளிக்கொண்டு போனது.

கேட்டில் செக்யூரிட்டி எனக்கு வணக்கம் வைத்தார். உள்ளே வரிசையில் நிற்கவைத்துப் பெயர் படித்தார்கள். என் மகன் பெயரைக் கூப்பிட்டதும் நான் கையைத் தூக்கினேன். படித்த சூப்பர்வைசர் என்னிடம் தொழில் கற்றவன். எனக்குக் காய்ச்சல் என்றால் வீடு தேடி வந்து பார்த்துவிட்டுப் போனவன். அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. பிறகு தனியாக வந்து, "இந்த வயசுல ஒனக்கு இன்னாத்துக்குண்ணா இது?" என்று கேட்டான். பையனுக்கு உடம்பு சரியில்லை என்றேன். பொய் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனாலும் அந்தப் பொய்யைச் சொல்லும்போது என் நாக்கு கொஞ்சம்கூடக் குழறவில்லை.

அந்த ஒரு நாள் நான்கு மாதம் ஓடியது. வாரத்தில் இரண்டு நாள் அவன் போவான், நான்கு நாள் நான் போவேன். மேலே கிரேனில் உட்கார்ந்து கீழே இருப்பவர்களுக்குக் கை காட்டியவன், கீழே நின்று கம்பி தள்ளினேன். சூடாக உருண்டு வருகிற கம்பிகள் ஆறுவதற்கு ஒரு நீளமான இரும்பு மேடை உண்டு. அதில் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்காமல் கொக்கியால் ஒதுக்கிவிடுவதுதான் வேலை. வயசானவன் என்று பாவம் பார்த்துக் கொடுத்த வேலை அது. பாவம் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டோமே என்று ஒவ்வொரு நாளும் எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலை வீட்டில் கொண்டுவந்து மனைவி மேல் காட்டுவேன். அவன்மேல் காட்டியதில்லை. அவனிடம் சத்தம் போட்டால் அன்றைக்கு இன்னும் அதிகமாகக் குடிப்பான் என்று இரண்டு பேருமே அவனுக்குப் பயந்து நடந்தோம்.

சிவப்பாக வரும் கம்பியிடம் யாரும் ஏமாறமாட்டார்கள். கறுத்துப்போன கம்பிதான் ஆளைக் கவிழ்க்கும், ஆறிவிட்டது என்று நினைப்போம். முப்பது வருடம் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். கொக்கி நழுவியது, குனிந்து எடுக்கப்போனேன், இடது முன்கை முழுக்கக் கறுப்புக் கம்பியில் பதிந்துவிட்டது. சட்டையோடு தோல் வந்தது.

சூப்பர்வைசர் தன் பைக்கிலேயே உட்காரவைத்துப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். வேலைக்கு வந்தது என் மகன், அதனால் காயமும் அவனுக்குத்தான் பட்டிருக்க வேண்டும். நர்ஸ் பெயர் கேட்டாள், மகன் பெயரைச் சொன்னேன். வயது கேட்டாள். சூப்பர்வைசர் இருபத்தொன்பது என்றான். அவள் நிமிர்ந்து என் நரைத்த தலையைப் பார்த்தாள். இருபத்தொன்பது என்றே எழுதிக்கொண்டாள். கை எரிந்த எரிச்சலைவிட அந்தப் பார்வைதான் எனக்குத் தாங்கவில்லை.

பதினைந்து நாள் ஓய்வு என்று என் மகன் பெயரில் லீவு எழுதினார்கள். கட்டுப்போட்ட கையோடு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அவன் அப்போதுதான் எழுந்து நாஷ்டா தின்றுகொண்டிருந்தான். மனைவி அலறினாள். அவன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டான். சொன்னேன். லீவு விஷயத்தையும் சொன்னேன். மறுபடியும் தட்டில் கையை வைத்தான்.

"அப்போ பதினஞ்சு நாளு நான் போவத் தேவையில்லியா நைனா?"

அவன் இதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். வலிக்கிறதா என்று அவன் கேட்பான் என்று எதிர்பார்த்த என் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் கையைக் காட்டி அவன் பதினைந்து நாள் உரிமையோடு தூங்கினான். தெருவில் யாராவது வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டால், மெடிக்கல் லீவு என்று தலையை நிமிர்த்திச் சொன்னான். நான் மருந்து போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். நான் போய் நிற்க நிற்க அவன் உட்கார்ந்துகொண்டே இருப்பான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் குடிக்கு ஆளாக நின்று வேலை பார்த்தது நானே.

பதினாறாம் நாள் காலை ஐந்து மணிக்கு அவனை எழுப்பினேன். மூன்று முறை எழுப்பினேன். திரும்பிப் படுத்தான். என் மனைவி போய் ஹெல்மெட்டை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தாள்.

"கை ஆறிடுச்சில்ல," என்றாள்.

அவளோடு முப்பத்துமூன்று வருடம் குடித்தனம் செய்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அவளை அடித்துவிடுவேனோ என்று பயந்தேன். ஹெல்மெட், ஷூ, கார்டு மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். கேட்டில் சூப்பர்வைசரை வெளியே வரச்சொல்லிப் பையை அவன் கையில் கொடுத்தேன்.

"யோசிச்சிக்கோண்ணா. வாங்கிக்கினா அப்பறம் என் கையில இல்ல."

"ஆள போட்டுக்கோ. அவன் பேர்ல இனிமே நான் வர்றதில்ல."

மதியத்துக்குள் வேறு ஒருவனை அந்த இடத்தில் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மகனை உட்காரவைத்துச் சொன்னேன்.

"ஊட்ல சோறு இருக்குது, படுக்க எடம் இருக்குது. குடிச்சிட்டு வந்தா ரெண்டும் இல்ல. ஒன் வேலைய நீ தேடிக்கோ. ஒனக்காவ இனிமே நான் எவன் முன்னாலயும் போய் நிக்கமாட்டேன்."

அவன் தெருவில் இறங்கி நின்று என்னைப் பேசாத பேச்சில்லை. பெற்ற அப்பனே பிள்ளை வயிற்றில் அடித்துவிட்டான் என்று கத்தினான். பேஜார் பண்ணி ஓய்ந்தபின் துணிமணியை எடுத்துக்கொண்டு கவரைப்பேட்டையில் ஒரு கூட்டாளி அறைக்குப் போய்விட்டான். மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். மதியம் சோற்றைக் கட்டிக்கொண்டு அவனைப் பார்க்கப் போய்வந்தாள். நான் தடுக்கவில்லை. நான் செய்தது சரி என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன், சொல்லச் சொல்லக் கொஞ்சம் நம்பவும் ஆரம்பித்தேன்.

எட்டாம் நாள் ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில், என்னோடு கம்பி தள்ளிய ஒரு ஆளைப் பார்த்தேன். நேற்றுக் காலை என் மகன் ஆலைக்கு வந்திருந்தான் என்று அவன் சொன்னான். ஆறு மணி ஷிப்டுக்கு முன்னாலேயே வந்துவிட்டானாம். முகம் மழித்து, துவைத்த சட்டை போட்டு, கையில் சாப்பாட்டு டப்பாவோடு நின்றானாம். ஹெல்மெட் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். இடம் போய்விட்டது என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறான். அதற்கப்புறமும் சங்கு ஊதி எல்லோரும் உள்ளே போகும்வரை கேட் ஓரமாக நின்றுவிட்டுத்தான் திரும்பினானாம்.

குடித்திருந்தானா என்று கேட்டேன். இல்லை என்றான். நன்றாகப் பார்த்தாயா, நாற்றம் அடித்திருக்குமே என்றேன். "கிட்டதான் நின்னுக்கினு இருந்தேன், ஒண்ணும் இல்லண்ணா," என்றான். டீயைக் குடித்து முடித்துவிட்டு மறுபடியும் அதையே கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆமாம், குடித்திருந்தான் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டானா என்றிருந்தது எனக்கு.