விழா முடிந்தது, வரைபடம் போடுங்கள்

கொடைக்கானலில் கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது என் தொழில். கட்டி முடித்த பிறகுதான் பெரும்பாலும் என்னைத் தேடி வருவார்கள். சொந்த வீடு கட்டி நொந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பத்து நாள் பந்தல்

கோடை விழாவுக்காக ஏரிப் பக்கம் ஒருவர் பத்து நாளைக்குப் பந்தல் போட்டு பஜ்ஜி விற்றார். விழா முடிந்தது, பந்தல் முடியவில்லை. மழைக்கென்று தகரம் வந்தது, காற்றுக்கென்று சுற்றிலும் செங்கல் வந்தது. அடுத்த விழாவுக்குள் மேலே நான்கு அறைகள், எல்லாவற்றிலும் வெந்நீர்.

நகராட்சி நோட்டீஸ் வந்ததும் என்னிடம் ஓடிவந்தார். போய்ப் பார்த்தேன். மாடிப்படி எங்கே என்றதற்கு, வெளியே சாய்த்து வைத்திருந்த இரும்பு ஏணியைக் காட்டினார். இந்தக் கட்டடத்துக்கு அனுமதி கிடைக்காது என்றேன். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

“கட்டடம்னு சொல்லாதீங்க மேடம். பந்தல்தான், கொஞ்சம் கெட்டியாப் போட்டுருக்கோம்.”

குறிஞ்சிப்பூச் சுவர்

ஒரு பெரிய மனிதர் காரில் வரப்போகிறார் என்றதும், வளைவில் இருந்த கூலிக்காரர்களின் வீடுகள் ஊர் அழகுக்குக் குறையாகத் தெரிந்தன. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய குடும்பங்கள். நகராட்சி என்னிடம் வரைபடம் வாங்கி, நான்கே நாளில் அவர்களுக்கு முன்னால் ஏழடிச் சுவர் எழுப்பியது. தண்ணீர் போக நான் வரைந்திருந்த துளைகளைப் போடாமல் விட்டுவிட்டார்கள். சுவரில் தீட்டிய குறிஞ்சிப்பூக்கள் கெட்டுப்போகுமாம்.

முதல் மழையில் மேட்டுத் தண்ணீரெல்லாம் வீடுகளுக்குள் நின்றது. ராஜம்மா என்ற பெண் கடப்பாரையை எடுத்து, சரியாக ஒரு பூவின் நடுவில் சுவரை உடைத்தார். சேதத்தைப் பார்வையிட என்னை அனுப்பினார்கள். வரைபடத்தில் உள்ளபடியே துளை போடப்பட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். ராஜம்மா ஈர அரிசியைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தார்.

“அவரு கார் கண்ணாடியக்கூட எறக்கலீங்க. எங்க லயத்து வீடுங்க அவரு கண்ணுல படக்கூடாதுன்னா, ஒரு சாக்கக் கட்டித் தொங்கவிட்டிருக்கலாமே.”

சரிந்த இடம்

கவுஞ்சிப் பாதையில் மலை சரிந்து, சின்னச்சாமியின் பூண்டுக் காட்டில் பாதியைக் கொண்டுபோனது. அன்று மழையென்று யாரும் காட்டுக்குப் போகாததால் உயிர்கள் தப்பின. மரங்களும் போனதால் பள்ளத்தாக்கு பளிச்சென்று தெரிந்தது. ‘அபாயம்’ என்று வைத்த பலகைக்குப் பக்கத்தில் நின்று ஜனங்கள் படமெடுத்தார்கள். ஒரே மாதத்தில் அது வியூ பாயிண்ட் ஆகிவிட்டது.

விளிம்பில் டீக்கடை கட்ட சின்னச்சாமி வரைபடம் கேட்டார். மறுபடியும் சரியும் என்று எச்சரித்து, உள்ளே தள்ளி, பாறைமேல் இடம் குறித்துக் கொடுத்தேன். மரியாதையாக வாங்கிக்கொண்டு போய் விளிம்பிலேயே கட்டினார். நேரில் போய்ச் சத்தம் போட்டேன். டீ கிளாஸைக் கழுவியபடியே பதில் சொன்னார்.

“நீங்க சொன்ன எடம் கெட்டியாத்தான் கெடக்குங்க. அங்கன ஒக்காந்தா பள்ளம் தெரியலையேங்க. நான் பூண்டு போட்ட காலத்துல இங்க ஒரு வண்டி நின்னதில்ல.”

நகரமைப்பை நாலு வருஷம் படித்துவிட்டு வந்து நான் தெரிந்துகொண்டது, இந்த ஊருக்குத் தலைமைப் பொறியாளர் மழை, உதவிப் பொறியாளர் விழா, எனக்கு இன்னும் போஸ்டிங் வரவில்லை என்பதுதான்.